மெஷினா, ஊசியா, வாயைக் கட்டுவதா? (ஏஎச்ஐ 47, மூன்று பிபி மாத்திரை, இன்னும் 150/96)

#1 வைகைக்கரை_81
நவம்பர் 3, 2025, இரவு 10:42

வணக்கம். நான்கைந்து வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் மதுரை, வயது 44, ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்தே வேலை. உயரம் 169, எடை 104. மூன்று வருடமாக பிபி இருக்கிறது. ஒரு மாத்திரையில் ஆரம்பித்தது இப்போது மூன்றில் நிற்கிறது, அதில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை. அப்படியும் காலையில் எழுந்து பார்த்தால் 150/96-ஐ விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. உப்பைக் குறைத்தேன், ஊறுகாயை விட்டேன், கருவாட்டையும் விட்டேன், அது தனி சோகம்.

போன மாதம் புதிதாக ஓர் இதய டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, கூட வந்த என் மனைவியைப் பார்த்து "குறட்டை விடுவாராம்மா?" என்றார். அவள் பதிலே சொல்லாமல் போனை எடுத்து ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டாள். குறட்டை ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நிற்கிறது, அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான். நான் அங்கேயே மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன், 22 வந்தபோதுதான் தண்ணீரில் முங்கியவன் மேலே வருகிற மாதிரி ஒரு பெரிய மூச்சு கேட்டது. அடிவயிற்றில் என்னவோ செய்தது. இவள் ஆறு மாதமாகத் தினமும் இதைத்தான் எண்ணிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள், சொன்னால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லவில்லையாம்.

ஸ்லீப் ஸ்டடி எடுத்தாயிற்று. ஸ்லீப் ஆப்னியாவாம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய். ஏஎச்ஐ (மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்ற எண்) 47, ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 71 வரை இறங்கியிருக்கிறது. மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபாப் மெஷின் வாங்குங்கள் என்கிறார், ஐம்பதாயிரத்தைத் தொடுகிறது.

இங்கேதான் குழப்பம். மச்சான் ஒரு ஃபார்வர்ட் அனுப்பினார், மெஷின் மாட்டினாலும் மாரடைப்பு குறையாது என்று 2016-லேயே பெரிய ஆராய்ச்சி சொல்லிவிட்டதாம். ஆபீசில் கூட வேலை செய்பவர் புது ஊசி போட்டால் எடையும் போகும் குறட்டையும் போகும் என்கிறார். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், "வாயைக் கட்டுடா". என்னிடம் இருப்பது ஒரு ஐம்பதாயிரம். எதில் போடுவது?


#2 மாஸ்க்_மாமா
நவம்பர் 3, இரவு 11:05

தம்பி, 71-ஐப் பார்த்த பிறகும் யோசிக்கிறீர்களா? மெஷின். நாளைக்கே.

ஒரே ஒரு கேள்வி. ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பீர்கள்?


#3 வைகைக்கரை_81
நவம்பர் 3, இரவு 11:11

மூன்று. சில நாள் நான்கு. நீர் மாத்திரையால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் அதைக் காலையில்தான் போடுகிறேன். சுகர் பார்த்தேன், இல்லை.


#4 மாஸ்க்_மாமா
நவம்பர் 3, இரவு 11:30

நினைத்தேன். எனக்கு நான்கு தடவை, புராஸ்டேட் என்று ஒன்றரை வருடம் மாத்திரை தின்றேன். மெஷின் மாட்டி மூன்றாம் நாள் ராத்திரி 11-க்குப் படுத்தவன் காலை 5:40-க்குத்தான் எழுந்தேன், ஒரு தடவைகூட எழவில்லை. படுக்கையை நனைத்துவிட்டேனோ என்று தடவிப் பார்த்தேன் என்றால் பாருங்கள். தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறை இழுபட்டு விரிகிறது, உடம்பில் தண்ணீர் அதிகம் ஆகிவிட்டது என்று அது தப்பாகப் புரிந்துகொண்டு நீரை வெளியேற்றச் சொல்லி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீரகம் பாவம் சொன்னதைச் செய்கிறது. இதை எனக்கு விளக்கியவர் சிறுநீரக டாக்டர் இல்லை, ஸ்லீப் லேபில் வயர் ஒட்டிய பையன்.

ஒன்பது வருடமாக மாட்டுகிறேன், திருச்சி, வயது 61. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.


#5 ராத்திரி_டெக்னீஷியன்
நவம்பர் 4, காலை 6:20

டூட்டி முடிந்து வந்து இதைப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, கோவையில் ஸ்லீப் லேபில் வயர் ஒட்டுகிற ஆள்தான் (மாமா, உங்களுக்கு ஒட்டிய பையன் நான் இல்லை). எட்டு வருடமாக மனிதர்கள் தூங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் 47. ஒரு மணி நேரத்தில் 47 தடவை பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றிருக்கிறது, அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே எல்லாம் கடுமை. ஏழு மணி நேரம் தூங்கினால் முந்நூறைத் தாண்டுகிறது. ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கிறது என்றால், இளநீர் ஸ்டிராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், ஸ்டிரா சப்பிப்போகும். தொண்டையும் அதே கதைதான், மார்பு இழுக்கிறது, காற்று வரவில்லை, அந்த இழுப்பெல்லாம் உள்ளே இருக்கிற இதயத்தின் மேல் விழுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பயந்துபோய் அட்ரினலினைக் கொட்டி எழுப்புகிறது, நமக்கு எழுந்ததே தெரியாது, ஆனால் அந்த நொடியில் பிபி எகிறும். தூங்கும்போது பிபி பத்து சதவீதமாவது இறங்க வேண்டும், அதுதான் ரத்தக் குழாய்க்கு ஓய்வு. இவருக்கு ராத்திரி ஷிப்ட்டிலும் வேலை. மூன்று மாத்திரைக்கு அடங்காத பிபிக்குப் பின்னால் இது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். உங்கள் இதய டாக்டர் சரியான ஆளிடம் கேள்வி கேட்டிருக்கிறார்.

இரண்டாவது, மச்சான் அனுப்பிய ஃபார்வர்ட். அது பொய் இல்லை, ஆனால் பாதி. அந்த ஆராய்ச்சியின் பெயர் சேவ். 7 நாடுகள், நம் நாட்டு நோயாளிகளும் உண்டு, 2,717 பேர், எல்லோரும் ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள். சராசரியாக 3.7 வருடம் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய விஷயங்கள் மெஷின் குழுவில் 17 சதவீதம், மெஷின் இல்லாத குழுவில் 15.4. வித்தியாசம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஃபார்வர்டில் வராத வரி ஒன்று இருக்கிறது. மெஷின் குழுவில் சராசரியாக ஒருவர் ஓர் இரவுக்கு மாட்டியது 3.3 மணி நேரம். பாதி ராத்திரி கழற்றி வைத்துவிட்டார்கள். அதோடு பகலில் அசந்து தூங்கி விழுகிறவர்களையும், ஆக்சிஜன் மிக மோசமாக இறங்குகிறவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை, அவர்களை வைத்தியம் இல்லாமல் விட்டுவைப்பது தர்மம் இல்லை என்பதால். 71 வரை போகிற உங்களை எந்தப் பக்கம் வைத்திருப்பார்களோ, ரிப்போர்ட் முழுவதையும் பார்த்தால்தான் தெரியும்.


#6 சந்தேகப்_பிராணி
நவம்பர் 4, காலை 9:48

டெக்னீஷியன் தம்பி நன்றாகத்தான் எழுதுகிறார், ஆனால் லேபில் வேலை செய்கிறவர் மெஷின் வேண்டாம் என்றா சொல்வார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

மெஷின் மாட்டினால் பிபி சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்குகிறது. அதற்கு ஐம்பதாயிரமா? 2014-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், எடை கூடிய 181 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மெஷின் மட்டும், ஒரு குழுவுக்கு எடைக் குறைப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். 24 வாரம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இன்சுலின் எதிர்ப்பு, டிரைகிளிசரைடு எல்லாம் எடை குறைத்தவர்களுக்குக் குறைந்தன. மெஷின் மட்டும் மாட்டியவர்களுக்கு எதுவும் அசையவில்லை. ஆக இதயத்தைக் கெடுப்பது கொழுப்பு, குறட்டை அதன் சத்தம். இன்னொன்று, மெஷின் மாட்டுகிறவர்களுக்கு எடை கொஞ்சம் கூடவே செய்கிறது, அதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அவர் அம்மா சொன்னதுதான் சரி.


#7 ராத்திரி_டெக்னீஷியன்
நவம்பர் 4, மாலை 5:15

கோபம் இல்லை சார், எனக்கு மாதச் சம்பளம், மெஷின் விற்றால் கமிஷன் கிடையாது. நீங்கள் சொன்ன 2014 சோதனை சரியானதுதான். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது, இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு பிபி அதிகமாக இறங்கியது, தனித்தனியாகச் செய்தவர்களைவிட. நீங்கள் அதை "இது இல்லை, அது" என்று படிக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை.

இரண்டு மூன்று புள்ளி என்பது எல்லோரையும் சேர்த்த சராசரி, அதில் பிபியே இல்லாதவர்களும் உண்டு. மூன்று மாத்திரைக்கும் அடங்காத 194 பேரை மட்டும் வைத்து 2013-ல் ஸ்பெயினில் செய்தார்கள். 12 வாரத்தில் 24 மணி நேர சராசரி 3 புள்ளிக்கு மேல் இறங்கியது, பெரிய எண் இல்லைதான், ஆனால் ராத்திரியில் பிபி இறங்கும் அந்த இயல்பு பலருக்குத் திரும்பி வந்தது. எத்தனை மணி நேரம் மாட்டினார்களோ அதற்குத் தக்கபடி பலன்.

இப்போது எடைக் கணக்கு. விஸ்கான்சினில் பல வருடம் ஓடிய ஆய்வில் 2000-ல் வந்த எண் இது: எடை 10 சதவீதம் கூடினால் ஏஎச்ஐ சுமார் 32 சதவீதம் கூடும், 10 சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் குறையும். இது சராசரி, ஆளுக்கு ஆள் மாறும். நம் மதுரைக்காரர் கஷ்டப்பட்டு 104-ஐ 94 ஆக்கினார் என்று வையுங்கள். 47 எங்கே வரும்? 35. இன்னும் "கடுமை"தான். அந்த 94-க்கு வர அவருக்கு எத்தனை மாதம்? எட்டா, பத்தா? அதுவரைக்கும் தினம் முந்நூறு தடவை தொண்டை அடைக்கட்டுமா?

எடை வேர், நான் மறுக்கவே இல்லை. நாக்குக்குள்ளேயே கொழுப்பு சேர்கிறது, தொண்டைச் சுவரில் சேர்கிறது, தொப்பை நுரையீரலை மேலே தள்ளுவதால் தொண்டையைக் கீழே இருந்து இழுத்துப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. ஆனால் வேரை வெட்டப் போகும் வழியில் இன்றைக்கு ராத்திரி ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் மெஷின்.


#8 ஸ்டியரிங்_பாண்டி
நவம்பர் 4, இரவு 8:02

சந்தேகம் சாருக்கு ஒரு வார்த்தை. 11 வருடம் ஆம்னி பஸ் ஓட்டியவன் நான், சென்னை - நாகர்கோவில். 118 கிலோ இருந்தேன். டீ, வெத்தலை, பச்சை மிளகாய் கடிப்பது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஒரு நாள் விக்கிரவாண்டி தாண்டி, மணி மூன்றரை, கண் திறந்துதான் இருக்கிறது, ரோட்டையும் பார்க்கிறேன், ஆனால் டோல்கேட் எப்போது வந்தது என்று தெரியவில்லை, கிளீனர் பையன் தோளைப் பிடித்து உலுக்கும்போது இடது சக்கரம் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் 36 பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் சொன்னேன், "ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்கிட்டு வா" என்றார். தூக்கம் பற்றாமல் இல்லை, தூங்கின தூக்கம் தூக்கமே இல்லை என்பது எனக்கும் அப்போது தெரியாது.

இப்போது பகலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், ராத்திரி மெஷின். இதயத்துக்கு நல்லதோ இல்லையோ ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.


#9 சந்தேகப்_பிராணி
நவம்பர் 4, இரவு 8:40

பாண்டி அண்ணே, பகல் தூக்கத்துக்கு மெஷின் வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சேவ் ஆராய்ச்சியிலேயே பகல் அசதி, மனநிலை எல்லாம் மேம்பட்டது என்றுதான் இருக்கிறது. கேள்வி இதயம்.


#10 முல்லைக்கொடி
நவம்பர் 5, காலை 11:25

இங்கே எல்லோரும் குண்டான ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 58 கிலோ, வயது 52, தஞ்சாவூர். எனக்கு ஏஎச்ஐ 24. யாரும் நம்பவில்லை. குறட்டை பெரிதாகக் கிடையாது, காலையில் தலைவலி, நாளெல்லாம் அசதி, ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு. மாதவிடாய் நின்ற வயது, டென்ஷன், தைராய்டு பாருங்கள், யோகா செய்யுங்கள் என்று மூன்று வருடம் ஓடியது. கடைசியில் ஒரு பல் டாக்டர், ஆமாம் பல் டாக்டர்தான், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு "உங்களுக்குத் தாடை உள்ளே தள்ளி இருக்கிறது, தொண்டை வழி சின்னது, ஸ்லீப் டெஸ்ட் எடுத்தீர்களா?" என்றார்.

நம் ஊர்க்காரர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 என்றால் பருமன் என்றுதான் கணக்கு, வெள்ளைக்காரர்களின் 30 நமக்குப் பொருந்தாது. அதனால் "நான் அவ்வளவு ஒன்றும் குண்டு இல்லையே" என்று இதைப் படிக்கிறவர்கள் ஒதுங்கிப்போக வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது, ஆனால் பெண் அசதி என்று சொன்னால் அதற்கு வேறு பெயர்தான் வைக்கிறார்கள்.

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு எங்கள் தெருவுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். ஸ்டாப்-பேங் என்று எட்டே கேள்வி இருக்கிறது, குறட்டையா, அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிபியா, அப்புறம் பிஎம்ஐ, வயது, கழுத்து 40 செ.மீ.க்கு மேலா, ஆணா என்று. இரண்டு நிமிடம் ஆகாது. அதையும் கையோடு கேட்டுவிட்டுப் போகலாம்.


#11 அடையாறு_அலை
நவம்பர் 5, மாலை 6:50

ஊசி போடுகிற ஆள் நான்தான், சொல்கிறேன். டிர்செபடைட், நம் ஊரில் மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தது. வந்த அடுத்த மாதமே டாக்டர் ஆரம்பித்தார். 121 கிலோவில் இருந்து இப்போது 103. ஏஎச்ஐ 38 இருந்தது, போன வாரம் மறுபடி எடுத்ததில் 15.

நல்லதை முதலில் சொல்கிறேன். இந்த மருந்தை ஸ்லீப் ஆப்னியாவுக்கே வைத்துச் சோதித்தது 2024-ல் வந்தது, 469 பேர், ஒரு வருடம். மெஷின் மாட்டாதவர்கள் குழுவில் ஏஎச்ஐ சராசரியாக 25 குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 5. எடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போனது, பிபியும் இறங்கியது. அதை வைத்துத்தான் அந்த டிசம்பரில் அமெரிக்காவில், பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா இருக்கிறவர்களுக்கு என்று அனுமதி கொடுத்தார்கள், இந்த நோய்க்கு அனுமதி வாங்கிய முதல் மருந்து.

இப்போது மீதி. ஆரம்பத்தில் அந்தச் சோதனையில் இருந்தவர்களின் சராசரி 50-ஐ ஒட்டி. 50-ல் 25 போனால் 25. சுமார் பாதிப் பேருக்குத்தான் மெஷின் தேவைப்படாத அளவுக்கு வந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை. காசு, அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று, மாதம் 14,000. டோஸ் ஏற ஏற விலையும் ஏறும். இன்சூரன்ஸ்காரர் சிரித்தார். முதல் இரண்டு மாதம் இட்லியைப் பார்த்தாலே குமட்டல், மலச்சிக்கல், பிரியாணிக் கடை வாசலை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். நிறுத்தினால் எடை திரும்பும். கொழுப்போடு தசையும் போகிறது, டாக்டர் புரதம் சாப்பிடு, எடை தூக்கு என்று திட்டிக்கொண்டே இருக்கிறார்.

என் மெஷின் இன்னும் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் 13 வரை போனது இப்போது 9-லேயே நிற்கிறது. 10-க்குக் கீழே வந்தால் நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

வைகைக்கரை, ஐம்பதாயிரத்துக்கு ஊசி என்றால் உங்களுக்கு மூன்று மாதம் ஓடும். மெஷின் ஆறேழு வருடம் ஓடும்.


#12 சந்தேகப்_பிராணி
நவம்பர் 5, இரவு 9:14

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. போட்டுத் தாக்கிவிட்டீர்கள்.


#13 நெல்லை_நடை
நவம்பர் 6, காலை 7:33

இதயம் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாவுக்கு 67, பாளையங்கோட்டை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத் துடிப்பு தாறுமாறு. ஷாக் கொடுத்துச் சரிசெய்தார்கள், நான்கு மாதத்தில் திரும்பிவிட்டது. இரண்டாம் தடவை கொடுக்கும் முன்தான் ஸ்லீப் ஸ்டடி எடுக்கச் சொன்னார்கள், ஏஎச்ஐ 33 வந்தது. இதை வைத்தியம் செய்யாமல் விட்டால் ஷாக்குக்குப் பிறகு துடிப்பு மறுபடி கெடுவது அதிகம் என்றார்கள். எக்கோவில் இதயத்தின் பம்பிங் திறன் 40 சதவீதம் என்று இருக்கிறது. தூரத்துச் சொந்தம் ஒருவர் வெளிநாட்டில் இருந்து பெரிய மெஷின் ஒன்று, தானாகவே மூச்சு கொடுக்குமாம், கொண்டு வருகிறேன் என்கிறார். வாங்கலாமா?


#14 ராத்திரி_டெக்னீஷியன்
நவம்பர் 6, காலை 8:05

வேண்டாம், கொஞ்சம் நில்லுங்கள். டூட்டியில் இருந்தே அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் "அப்ஸ்ட்ரக்டிவ்" என்று இருக்கிறதா, "சென்ட்ரல்" என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது தொண்டை அடைப்பது. இரண்டாவதில் தொண்டை திறந்துதான் இருக்கும், மூளையே மூச்சு விடச் சொல்லாது, இதயம் பலவீனமானவர்களுக்கு இது வரும். அவர் சொல்கிற மெஷின் ஏஎஸ்வி வகையாக இருக்கலாம். 2015-ல் வந்த சர்வ்-எச்எஃப் ஆய்வில், பம்பிங் 45-ம் அதற்குக் கீழும் இருந்து, சென்ட்ரல் வகை அதிகமாக இருந்தவர்களுக்கு அந்த மெஷின் கொடுத்ததில் இதயத்தால் இறந்தவர்கள் கூடினார்கள், குறையவில்லை. மூச்சு எண்கள் எல்லாம் அழகாகச் சரியாயின, ஆள்தான் போனார். சொந்தக்காரரிடம் நன்றி சொல்லி நிறுத்துங்கள், இதய டாக்டரும் நுரையீரல் டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கேஸ் இது.

சந்தேகம் சார் கேட்டதற்கும் ஒன்று. சேவ் உட்பட மூன்று சோதனைகளின் 4,186 பேரைச் சேர்த்து 2023-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. சராசரியாக இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்டியவர்களை மட்டும் பார்த்தால் இதய, மூளைச் சம்பவங்கள் சுமார் 31 சதவீதம் குறைவு.


#15 சந்தேகப்_பிராணி
நவம்பர் 6, காலை 10:20

படித்தேன், அது எனக்குத் தெரியும். ஒழுங்காக மாஸ்க் மாட்டுகிறவன் ஒழுங்காக மாத்திரையும் போடுவான், பீடியையும் விட்டிருப்பான். பலன் மெஷினாலா, ஒழுங்காலா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.


#16 ராத்திரி_டெக்னீஷியன்
நவம்பர் 6, மதியம் 1:02

முடியாது, ஒத்துக்கொள்கிறேன். மறுபடி சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் கடுமையான கேஸ்களை வைத்தியம் இல்லாமல் விட யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

ஆனால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பொதுவாகத் திடீர் இதய மரணம் காலை நேரத்தில்தான் அதிகம். மின்னசோட்டாவில் ஸ்லீப் ஸ்டடி எடுத்துவிட்டுப் பின்னால் திடீரென்று இறந்த 112 பேரை 2005-ல் பார்த்தார்கள். ஆப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவில் இருந்து காலை ஆறுக்குள் போயிருக்கிறார்கள், இல்லாதவர்களில் 21. "தூக்கத்திலேயே போய்ட்டார், புண்ணியவான்" என்று நாம் சொல்வோமே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும்.


#17 குரல்_இல்லாதவன்
நவம்பர் 6, மதியம் 1:30

இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது டாக்டர்கள் சொன்னதும் இதே நோய்தானே? அன்றைக்குத்தான் இந்தப் பெயரையே கேள்விப்பட்டேன்.


#18 வைகைக்கரை_81
நவம்பர் 14, இரவு 9:55

மெஷின் வந்துவிட்டது. ஆட்டோ வகை, காற்றழுத்தத்தை 6-ல் இருந்து 14 வரை வைத்திருக்கிறார்கள்.

முதல் ராத்திரி ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியது மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியாக வெளியே வருகிறது, என்னவோ போல இருக்கிறது. இரண்டாம் நாள் ஒன்றரை மணிக்கு நானே கழற்றி எறிந்திருக்கிறேன், ஞாபகமே இல்லை. நான்காம் நாள் கரண்ட் போய், மூச்சு முட்டுகிற மாதிரி பயந்து எழுந்தேன். இன்றைக்கு எட்டாம் நாள், நேற்று 4 மணி 10 நிமிடம். செயலியில் ஏஎச்ஐ 6 என்கிறது, ஆனால் லீக் என்று சிவப்பு மூஞ்சி காட்டுகிறது. மூக்கு மாஸ்க்கின் கீழ் ஓரத்தில் "புஸ்" என்று ஒரே சத்தம், பாப்பா பாம்பு என்கிறாள்.


#19 மாஸ்க்_மாமா
நவம்பர் 14, இரவு 10:08

மீசை இருக்கிறதா?


#20 வைகைக்கரை_81
நவம்பர் 14, இரவு 10:10

மதுரைக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது.


#21 மாஸ்க்_மாமா
நவம்பர் 14, இரவு 10:37

அப்போ அதுதான். சிலிக்கான் உதட்டுக்கு மேல் ஒட்டாது, முடி வழியாகக் காற்று ஓடும். நான் முதல் வாரமே எடுத்துவிட்டேன், ரிட்டயர்மென்ட் போட்டோவில் யாரோ மாதிரி இருக்கிறேன். நீங்கள் எடுக்க வேண்டாம், நேசல் பில்லோ என்று ஒன்று இருக்கிறது, இரண்டு மூக்குத் துவாரத்திலும் சின்னக் குமிழ் மாதிரி உட்காரும், மீசைக்கு மேலேயே வேலை முடிந்துவிடும்.

அப்புறம் என் ஒன்பது வருடத்துப் பாடங்கள், வரிசையில்லாமல் சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மாட்டாதீர்கள், படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுங்கள், எண்ணெய் பட்டால் குஷன் வழுக்கும், சீக்கிரம் கெடும். பட்டையை இறுக்கினால் லீக் நிற்காது, கூடும், படுத்த நிலையில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் வெள்ளையாக உப்புப் படியும், டிஸ்டில்டு வாங்குங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது தொட்டிச் சூட்டை அணைத்துவிடுங்கள், கரண்ட்டைக் குடிப்பது மோட்டார் இல்லை, அந்தச் சூடுதான். கரண்ட் போனால் மூச்சு முட்டாது, மாஸ்க்கில் காற்றுத் துளை இருக்கிறது, பயம்தான் முட்டுகிறது. டிவி பார்க்கும்போது உட்கார்ந்தபடியே அரை மணி மாட்டிப் பழகுங்கள்.

இந்த மெஷின் பிறந்த கதை தெரியுமா? 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டார் மாதிரி ஒன்றைத் திருப்பி ஊத வைத்து, தொண்டையைத் துளைக்கிற ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு நோயாளிக்கு மாட்டினார். அந்த ஆளை நினைத்துக்கொள்வேன், மூஞ்சியில் ஒட்டிவைத்த மாஸ்க்கோடு, அந்தச் சத்தத்தில் தூங்கியிருக்கிறார் மனுஷன்.


#22 புதுசு_2025
நவம்பர் 15, காலை 8:12

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆன்லைனில் பழைய பிலிப்ஸ் மெஷின் ஒன்று 12,000-க்கு வருகிறது, 2019 மாடல். எடுக்கலாமா?


#23 ராத்திரி_டெக்னீஷியன்
நவம்பர் 15, காலை 8:30

சீரியல் நம்பரை வாங்கி முதலில் சரிபாருங்கள். உள்ளே சத்தம் குறைக்க வைத்த நுரை பொடிந்து காற்றோடு போகலாம் என்று 2021 ஜூனில் அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றை பிலிப்ஸே திரும்ப அழைத்தது. அந்தப் பட்டியலில் இருந்தால் 1,200-க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.


#24 வைகைக்கரை_81
டிசம்பர் 29, இரவு 10:20

ஏழு வாரம் ஆகிறது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பில்லோ மாஸ்க்குக்கு மாறினேன், மீசை பத்திரம். சராசரி 5 மணி 40 நிமிடம், ஏஎச்ஐ 3-ல் இருக்கிறது. ராத்திரி ஒரு தடவை எழுகிறேன், சில நாள் அதுவும் இல்லை. பிபி காலையில் 138/88. மாத்திரையைக் குறைப்பார் என்று ஆசையாகப் போனேன், டாக்டர் ஒன்றைக்கூடத் தொடவில்லை, மூன்று மாதம் இப்படியே நிற்கட்டும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். கொஞ்சம் கடுப்புதான்.

எடை 101.5. இதில் மெஷினுக்குப் பங்கு இல்லை, ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை நிறுத்தியதுதான் காரணம். ஆனால் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் சோபாவில் விழுகிற ஆள் இப்போது தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடக்கிறேன், கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, இது புதுசு. சந்தேகப்பிராணி சார் சொன்ன மாதிரி எடை கூடிவிடக் கூடாது என்று பயந்து வாராவாரம் பார்க்கிறேன். அம்மாவிடம் மட்டும் எல்லாம் வாயைக் கட்டியதால்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. போன வாரத்தில் இருந்து லீக் எண் மறுபடி ஏறுகிறது, 30-ஐத் தாண்டுகிறது. மாஸ்க் அதேதான், பட்டையும் அதேதான்.


#25 சந்தேகப்_பிராணி
டிசம்பர் 29, இரவு 10:41

138 நல்ல எண். நடையை விடாதீர்கள். (மச்சானிடம் அந்த ஆராய்ச்சியை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள், நானும் இந்த இழைக்குப் பிறகுதான் முழுசாகப் படித்தேன்.)


#26 ராத்திரி_டெக்னீஷியன்
டிசம்பர் 30, காலை 6:15

குஷனைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் மஞ்சள் தட்டி மெலிதாகக் கீறல் இருக்கும். மாட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்குமே, பில்லோ அவ்வளவுதான் உழைக்கும். டப்பாவில் இன்னும் இரண்டு சைஸ் வைத்திருப்பார்கள், எஸ், எல் என்று. உங்களுக்கு எம் மாட்டியிருந்தால் எல்-ஐப் போட்டு ஒரு ராத்திரி பாருங்கள், புதுசுக்குக் காசு போடும் முன்.